மாசிக்காயும் பன்னீர் திராட்சையும்

2024 நவம்பர் 10, ஞாயிறு

திபிலிசியில் மருத்துவம் முடித்துத் திரும்பிய அக்கா மகன் நேற்று இரவு இரண்டு பாட்டில் கொண்டுவந்து மேசையில் வைத்தான். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் வரி கட்டாமல் இரண்டு லிட்டர் வரை கொண்டுவரலாம். பையன் ஒன்றரை லிட்டரோடு நிறுத்திக்கொண்டான். "மாமா, உங்கள் மூக்குக்குத்தான் இது" என்றான்.

மதுரை கீழமாசி வீதியில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறவனுக்கு மூக்கும் நாக்கும்தான் தராசு. பழைய கடுக்காயைப் புதிதென்று சொல்லி யாரும் என்னிடம் விற்றுவிட முடியாது. ஆனால் ஒயினைப் பற்றி எனக்குத் தெரிந்தது கோவா பக்கத்து இனிப்புப் போர்ட்டும், கிறிஸ்துமஸுக்கு நண்பர் வீட்டிலிருந்து வரும் அரை டம்ளரும்தான்.

முதல் பாட்டில் ர்காட்சிதெலி என்ற வெள்ளைத் திராட்சையில் செய்தது. பெயருக்குத்தான் வெள்ளை. கிளாஸில் ஊற்றினால் பனங்கற்கண்டு கரைத்த தண்ணீரின் நிறம். நிறத்தை நம்பி இனிக்கும் என்று ஒரு வாய் எடுத்தேன். இனிப்பே இல்லை. ஈறும் நாக்கின் ஓரமும் இழுத்துப் பிடித்துக்கொண்டன. துவர்ப்பு, அதுவும் சாதாரணத் துவர்ப்பு இல்லை.

பையன் விளக்கினான். ஜார்ஜியாவில் க்வெவ்ரி என்று ஆள் உயர மண்தாழி செய்து, உள்ளே தேன்மெழுகு பூசி, கழுத்து வரை மண்ணில் புதைத்துவிடுவார்களாம். பழத்தை நசுக்கித் தோல், விதை எல்லாவற்றோடும் அதில் கொட்டி மாதக்கணக்கில் மூடி வைப்பார்கள். மற்ற நாடுகளில் வெள்ளை ஒயினுக்குச் சாற்றை மட்டும் பிழிந்து எடுத்துக்கொண்டு தோலை ஒதுக்கிவிடுவது வழக்கம். இங்கே தோலும் விதையும் கூடவே கிடப்பதால் நிறமும் துவர்ப்பும் இறங்குகின்றன. இந்த முறையை 2013-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. தாழியின் படத்தை என் மனைவி வாங்கிப் பார்த்தாள். தமிழாசிரியை. "நம் ஊரில் இதில் ஆளைப் புதைத்தார்கள்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

பாட்டிலின் பின்பக்கத்தில் அக்ரூட், உலர்ந்த ஆப்ரிகாட் என்று எழுதியிருக்கிறது. அக்ரூட் கடையிலேயே இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்த்தேன், பொய் இல்லை. ஆனால் எனக்கு வந்தது வேறொன்று. இரவு முழுக்க யோசித்தும் பிடிபடவில்லை. காலையில் கடையைத் திறந்து மூன்றாவது டப்பாவில் கைவிட்டபோது தெரிந்துவிட்டது. மாசிக்காய்!

நவம்பர் 13, புதன்

இரண்டாவது பாட்டிலுக்கு வாத்தியாரைக் கூப்பிட்டேன். ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர், கிறிஸ்துமஸ் அரை டம்ளரின் சொந்தக்காரர். சப்பெராவி என்ற கறுப்புத் திராட்சை. பெரும்பாலான கறுப்புத் திராட்சைகளுக்குத் தோலில் மட்டும்தான் நிறம் இருக்கும். இதற்குச் சதையும் சிவப்பு. பெயருக்கே சாயம் என்றுதான் பொருளாம். சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுகிறவர்கள் கேட்டால் மகிழ்வார்கள்.

முதல் கிளாஸ் பாழ். 'அறை வெப்பநிலையில் பரிமாறவும்' என்று படித்துவிட்டு அப்படியே ஊற்றினேன். அவர்கள் சொல்லும் அறை 16, 18 டிகிரி. என் மாடி அறை அன்றைக்கு 31. ஆல்கஹால் நெடி மட்டும் மூக்கில் ஏறியது, கஷாயம் தோற்றது. பாட்டிலை முக்கால் மணி நேரம் குளிர்ப்பெட்டியில் வைத்து எடுத்த பிறகு அது வேறு ஒயின். நாவற்பழம், அதுவும் உப்புத் தூவிய நாவற்பழம். வாத்தியாரின் நாக்கு பள்ளிக்கூடப் பையனுடையது மாதிரி ஊதாவாகிவிட்டது.

மாசிக்காயைப் பற்றிச் சொன்னேன். அது காயே இல்லை. ஓக் மரக் கிளையில் ஒரு சின்னக் குளவி முட்டையிட, மரம் அதைச் சுற்றி வளர்க்கும் உருண்டை. மேற்காசியாவிலிருந்து வருவது. நம் வீடுகளில் பச்சைக் குழந்தைக்கு உரைமருந்து கொடுக்கும்போது வசம்பு, கடுக்காய், ஜாதிக்காயோடு இதையும் கல்லில் இரண்டு இழை இழைத்து நாக்கில் தடவுவோம். ஒயினை ஓக் பீப்பாயில் வைப்பதாகப் பெரிதாகப் பேசுகிறார்கள். நம் பிள்ளைகள் பிறந்த மாதமே ஓக் மரத்தைச் சுவைத்துவிடுகிறார்கள்.

வாத்தியார் அடக்கினார். "அண்ணாச்சி, அவசரப்படாதீர்கள். அன்றைக்கு நீங்கள் குடித்த முதல் பாட்டிலில் ஓக் கிடையாது. அது திராட்சைத் தோலின் டானின், துவர்ப்புச் சத்து." ஆனால் செய்யும் வேலை ஒன்றுதானாம். எச்சிலில் வழவழப்புக்காக இருக்கும் புரதத்தை டானின் பிடித்துத் திரட்டிவிடுகிறது. வழவழப்பு போனதும் நாக்கு உலர்ந்து இழுக்கிறது. திண்டுக்கல் தோல் ஷாப்களில் ஆவாரம்பட்டை போட்டுத் தோலைப் பதப்படுத்தியதும் இதே கணக்குதான்.

அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி நாற்காலி போட்டுக் கொடுத்தவர்கள் நாம். வாழைப்பூ, அத்திப்பிஞ்சு, கொட்டைப்பாக்கு, நெல்லிக்காய் என்று அதற்குள்ளேயே எத்தனை படி! ஒயின் குடிக்கிறவர்கள் புத்தகம் புத்தகமாக எழுதித் தேடுவதை நம் ஆச்சிகள் வெற்றிலைப் பெட்டியில் வைத்திருந்தார்கள்.

நவம்பர் 17, ஞாயிறு

நேற்று கார்த்திகை பிறந்தது. கடைப் பையன்கள் இருவரும் மாலை போட்டுவிட்டார்கள். இனி கடையில் பாட்டில் பேச்சே கூடாது.

வீட்டில் இரண்டு இந்திய ஒயின். நாசிக்கின் செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் கொய்யாப்பழம் நறுக்கிய தட்டு, அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை, நன்றாக இருந்தது. சோலாப்பூர் மாவட்டத்து அக்லுஜ் பக்கம் விளைந்த சாஞ்சியோவேசே இன்னும் பிடித்தது. இத்தாலியில் கியாந்தி ஒயின் செய்கிற அதே திராட்சை. புளிப்பு முன்னே வந்து துவர்ப்பு பின்னால் வருகிறது. மனைவி செய்த வாழைப்பூ வடையோடு அது சேரவில்லை, துவர்ப்பின் மேல் துவர்ப்பு. கறிக் கோலா உருண்டையோடு சேர்ந்தது. கொழுப்பு வந்ததும் அந்த இழுப்பு அடங்கிவிடுகிறது.

நவம்பர் 24, ஞாயிறு

கம்பம் போய் வந்தோம். வாத்தியாரின் ஒயினுக்குப் பழம் வாங்க வருடந்தோறும் நடக்கும் யாத்திரை, இந்த முறை நானும் ஒட்டிக்கொண்டேன். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி தாண்டிச் சின்னமனூரில் நல்ல காப்பி. உத்தமபாளையத்துக்கு அப்பால் இரண்டு பக்கமும் பந்தல்.

பந்தலுக்குள் குனிந்துதான் போக வேண்டும். வெளியே வெயில், உள்ளே பச்சை வெளிச்சம். தலைக்கு மேல் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. தோட்டக்காரர் ஒரு கொத்தை அறுத்துக் கையில் கொடுத்தார். பழத்தின் மேல் திருநீறு பூசியது போல மெல்லிய சாம்பல் படலம், விரல் பட்ட இடத்தில் மட்டும் கறுப்புத் தெரிகிறது. தோல் தடிமன், கடித்தால் சதை வழுக்கிக்கொண்டு தனியே வந்துவிடுகிறது, இரண்டு விதை. அதற்குள் வாசனை மூக்குக்குப் போய்விட்டது. பன்னீர். வேறு பெயர் வைக்க முடியாது.

இந்தக் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உலகம் இதை மஸ்கட் ஹாம்பர்க் என்கிறது. வாத்தியார் திரும்பி வரும் வழியெல்லாம் பாடம் நடத்தினார். மஸ்கட் வகைப் பழங்களில் லினலூல், ஜெரானியால் என்று சில வாசனைப் பொருள்கள் உண்டு. ரோஜாவின் மணத்திலும் ஜெரானியால் இருக்கிறது. ஆக பன்னீர் என்று பெயர் வைத்தவர் கவிதை எழுதவில்லை, ஆய்வறிக்கை கொடுத்திருக்கிறார்.

ஐரோப்பாவில் கொடி குளிர்காலத்தில் உறங்கி வருடத்துக்கு ஒருமுறை காய்க்கும். இங்கே குளிர் இல்லாததால் அதற்கு உறக்கமும் இல்லை. கிளைகளை வெட்டிக் கவாத்து செய்த நான்கு மாதத்தில் பழம். அவரவர் கவாத்துக்கு ஏற்ப எந்த மாதம் போனாலும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கிறது. "கொடிக்கு ஓய்வு கொடுத்தால் எனக்கு யார் சோறு போடுவது?" என்றார் தோட்டக்காரர். மழை பெய்தால் பழம் வெடிக்கும், வெடித்த பழத்தை வியாபாரி தொடமாட்டான். வானத்தைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார்.

பத்துக் கிலோ வாங்கினோம். இரவே நசுக்கியாகிவிட்டது. வாத்தியாரிடம் ஒரு சின்னக் கருவி இருக்கிறது. ஒரு சொட்டுச் சாறு விட்டு வெளிச்சத்தைப் பார்த்தால் சர்க்கரை அளவு காட்டும். காட்டியது 17, அதாவது நூறு கிராம் சாற்றில் சுமார் 17 கிராம் சர்க்கரை. லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை இருந்தால் ஈஸ்ட் அதை 1 சதவீத ஆல்கஹாலாக மாற்றும். அப்படியென்றால் பத்துதான் தேறும். பன்னிரண்டு வேண்டுமென்று வாத்தியார் 200 கிராம் சீனி சேர்த்தார், திருடன் போல. பிரான்சில் இதற்கு நெப்போலியனின் அமைச்சராக இருந்த ஷப்தால் பெயரையே வைத்திருக்கிறார்களாம். பிறகு என்ன வெட்கம்? அவருடைய அம்மா காலத்து முறைப்படி கோதுமை, கிராம்பு, பட்டை போட வேண்டும். நான் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டேன். கிராம்பு வேண்டுமென்றால் என் கடைக்கு வரட்டும், பழத்தின் வாசனையை ஏன் மறைக்க வேண்டும்?

டிசம்பர் 1, ஞாயிறு

ஏமாந்தேன். நம் ஊரிலேயே ஒரு கடையில் வாங்கிய சிவப்பு. தலைப்பக்கத் தகட்டை உரித்தபோதே கார்க் அரை விரற்கடை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது, சுற்றிலும் கசிந்து காய்ந்த கறை. வெயில் படும் கண்ணாடி அலமாரியில் எத்தனை மாதம் நின்றதோ? வெந்துவிட்டது. திராட்சைப் பாகை அடிப்பிடிக்க விட்ட மணம். செய்தவர் மேல் குற்றம் இல்லை. மீன் குழம்புக்குக்கூட ஊற்றாதே என்று மனைவியின் உத்தரவு.

வாத்தியார் வீட்டுப் பரணியில், நாங்கள் நசுக்கி வைத்த பழத்தின் நுரை இன்னும் அடங்கவில்லை. மேலே எழும் தோலை வாத்தியார் காலையும் மாலையும் மரக்கரண்டியால் அமுக்கி விடுகிறார். தெருவே மணக்கிறது என்று பக்கத்து வீட்டு அம்மா வந்து விசாரித்துவிட்டுப் போனாராம்.

டிசம்பர் 8, ஞாயிறு

ஊரில் இதெல்லாம் புதுப் பழக்கம் என்று பேச்சுவாக்கில் சொன்னதற்கு மனைவி புறநானூற்று 56-ஆம் பாட்டை எடுத்து நீட்டிவிட்டாள். நக்கீரர் பாண்டியன் நன்மாறனைப் பாடியது. யவனர், அதாவது கிரேக்க ரோமானியர், நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பொற்கிண்ணத்தில் பெண்கள் ஊட்ட, நாள்தோறும் அருந்தி இனிது வாழ்க என்று வாழ்த்துகிறார். கப்பலில் வந்த ஒயின் மதுரை அரசனுக்கு அன்றாடப் பொருள்! வைகை கடலில் சேரும் அழகன்குளத்தில் அந்த நாட்டு ஜாடிகளின் துண்டுகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள்.

அதன் சுவை எப்படி இருந்திருக்கும்? ஜாடி கசியாமலிருக்க உள்பக்கம் பைன் மரப் பிசினைப் பூசுவார்கள். கிரேக்கத்தில் இன்றும் ரெட்சினா என்று பிசின் கலந்த ஒயின் உண்டு. கடையில் குங்கிலியத்தைச் சுரண்டி முகர்ந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அது வேறு மரம்தான், ஆனாலும் பாண்டியனுக்குப் பக்கத்தில் நிற்பது போல ஓர் உணர்வு. வாடிக்கையாளர் ஒருவர் இரண்டுமுறை இருமினார்.

தேறல் என்றால் தெளிந்தது என்றும் சொன்னாள். தேறுதல், தெளிதல். வண்டலிலிருந்து பிரித்தெடுத்தது.

டிசம்பர் 15, ஞாயிறு

தேறலாக்கும் நாள். வாத்தியார் பரணியை ஸ்டூலின் மேல் ஏற்றி ரப்பர் குழாய் வழியாகத் தெளிவை மட்டும் இறக்கினார். அடியில் இரண்டு விரற்கடை ஊதாச் சேறு.

ருசி பார்த்தோம். வாசனை அப்படியே இருக்கிறது. மூக்கில் கல்யாணம், வாயில் ஒன்றுமில்லை. உள்ளே போனதும் நழுவி ஓடிவிடுகிறது. நின்று பிடிக்கத் துவர்ப்பு இல்லை. ஜார்ஜியாக்காரனின் இழுப்பில் கால்வாசியாவது இருந்தால்?

"மாசிக்காய் போடலாமா சார்?" என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். ஒயின் ஆலைகளிலேயே டானின் தூள் சேர்ப்பது உண்டு, மாசிக்காயிலிருந்து எடுத்ததும் அதில் ஒரு வகை என்றார். ஒரு பாட்டிலில் மட்டும் பார்க்கலாம், ஒரு குன்றிமணி எடை போதும் என்று பொறுப்பை என்னிடம் விட்டார். கடைக்குப் போய் நல்லதாக, துளையில்லாத மாசிக்காயாகப் பொறுக்கினேன். குளவி துளைத்து வெளியேறிவிட்டால் சத்து குறைவு. இடித்து, துணியில் சலித்து வஸ்திரகாயம் செய்து, நான்கு குன்றிமணி போட்டேன். முப்பது வருடம் நிறுத்தே விற்றவனுக்கு அவசரத்தில் கை சொன்ன பேச்சு கேட்கவில்லை.

டிசம்பர் 24, செவ்வாய்

வாத்தியார் வீட்டில் நட்சத்திரம் கட்டியாகிவிட்டது. அடுப்பில் ரோஸ் குக்கி. நள்ளிரவுப் பூசைக்கு முன்னால் பாட்டில்களைத் திறந்துவிட வேண்டும் என்று ஆறு மணிக்கே போன் வந்தது.

இரண்டு கிளாஸ், எது எது என்று எழுதவில்லை. வாத்தியார் மாசிக்காய்ப் பாட்டிலை உறிஞ்சிவிட்டு "கட்டமைப்பு வந்திருக்கிறது" என்றார். என் மனம் நோகக்கூடாது என்பதற்காகச் சொன்னது என்று எனக்குத் தோன்றியது. எனக்குத் துவர்ப்பு இருந்தது, ஒயினும் இருந்தது, இரண்டும் ஒரே வீட்டில் பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பி மாதிரி.

மனைவி குடிக்கமாட்டாள். முகர்ந்து, விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கச் சம்மதித்தாள். முதல் கிளாஸில் விரலை வைத்ததும், பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமுமாக வாசலில் நிற்கிற பெண் மாதிரி முகம் மலர்ந்தது. இரண்டாவதில் விரலை வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"அது கல்யாண வீடு" என்றாள். "இது பிள்ளை பெற்ற வீடு."

வாத்தியார் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு உள்ளே போய்ப் பேத்தியின் நோட்டிலிருந்து இரண்டு லேபிள் கிழித்து வந்து, அந்தப் பெயர்களையே எழுதி ஒட்டினார். கல்யாண வீடு அன்றிரவே தீர்ந்துவிட்டது. பிள்ளை பெற்ற வீட்டைக் கோலா உருண்டை செய்யும் நாளுக்கென்று நான் கையோடு எடுத்து வந்துவிட்டேன்.