மலையில் பல்லியைப் பதிவு செய்த கதை

ஒரு நல்ல செய்தி: மலைப்பல்லி பார்க்க இருட்டோடு எழுந்து ஓட வேண்டாம். வெயில் ஏறிப் பாறை சூடானால்தான் அது வெளியே வரும். 'இவ்வளவு உயரத்தில் என்ன இருக்கப்போகிறது' என்று திரும்பிவிடவும் வேண்டாம். பெருவில் 5,400 மீட்டர் உயரத்தில்கூட லியோலேமஸ் பல்லியைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

பார்த்த உயிரினங்களைப் படத்தோடு பதிவு செய்ய உதவும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியையும் அந்தப் பகுதியின் வரைபடத்தையும் ஊரிலேயே இறக்கிக்கொண்டேன். கேமராவின் கடிகாரத்தைப் போன் நேரத்தோடு சரிசெய்தேன். மேலே சிக்னல் இல்லை, ஆனாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். இடத்தைப் பிடிக்கத்தான் கொஞ்சம் நேரமாகும். செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே அது தடுமாறும். திரையில் இடத்தின் துல்லியத்தைக் காட்டும் வட்டம் சுருங்கும்வரை நின்றுதான் ஆகவேண்டும்.

பல்லி வகையைச் சேர்ந்த ஓணான் ஒன்று பாறை விளிம்பில் தண்டால் எடுத்துக்கொண்டிருந்தது. தூரத்திலிருந்தே ஒரு படம். ஓடிவிட்டால் அதாவது மிஞ்சும். அப்புறம் என் நிழல் அதன்மேல் விழாமல், நேராகப் போகாமல், பக்கவாட்டில் நகர்ந்தேன். தலை பக்கவாட்டில், முதுகுச் செதில்கள், கால்விரல்கள், வால் என்று தனித்தனியாக எடுத்தேன். அழகான படம் வேறு, அடையாளம் காட்டும் படம் வேறு. பிடித்துப் பார்க்கும் ஆசை வேண்டவே வேண்டாம். பல இனங்கள் வாலை விட்டுவிட்டு ஓடும். சேமித்த கொழுப்பும் அதோடு போய்விடும். பல நாடுகளில் பிடிப்பதற்கு அனுமதியும் வேண்டும். கல்லைப் புரட்டினால் இருந்த மாதிரியே திருப்பி வைக்கவேண்டும்.

கீழே வந்து பதிவேற்றினேன். இனம் தெரியாததால் அது எந்த உயிரினக் குடும்பம் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். ஊகித்து எழுதுவதைவிட அது மேல். பதிவு 'ஆய்வுத் தரம்', அதாவது ஆய்வாளர்கள் பயன்படுத்தத் தக்கது என்ற நிலை, பெறக் குறைந்தது இரண்டு பேர் அடையாளம் சொல்லவேண்டும், சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போகவேண்டும். பல்லி தெரிந்தவர்கள் குறைவு, பொறுமை வேண்டும். ஒருவர் பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி) வரை சொல்லிவிட்டு, தாடைக்கு அடியில் எடுத்த படம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. அதனால் பதிவு பேரினத்திலேயே நிற்கிறது. எனக்கு வருத்தமில்லை, அந்த உயரத்தில் அது இருந்ததற்குச் சான்று கிடைத்துவிட்டதே.

இடத்தை வெளிப்படையாகப் போடவில்லை. அரிய பல்லிகளைப் பிடித்து விற்கிறவர்களும் இந்த வரைபடங்களைப் பார்ப்பார்கள். மறைக்கும் வசதியைப் போட்டால், அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்கில் சுமார் 0.2 பாகை அகலமுள்ள கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளிதான் மற்றவர்களுக்குத் தெரியும். தேதியிலும் மாதமும் வருடமும் மட்டுமே. ஆனால் அதே பாதையில் அதே மணி நேரத்தில் படமெடுத்த பூவின் இடத்தை வெளிப்படையாக விட்டால் எல்லாம் வீண். பூவையும் சேர்த்தே மறைத்தேன்.