நடக்குற சுறா தான் என் ஆளு

அக்கா பொண்ணுக்கு ஏழு வயசு, போன வாரம் ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துட்டு வந்து வீட்ல இருக்குற ஒவ்வொருத்தரையா புடிச்சு உக்கார வச்சு "உனக்குப் புடிச்ச சுறா எது"ன்னு கேட்டு எழுதிட்டு இருந்தா. எங்கப்பா "கடிக்காத சுறா எதுவோ அது"ன்னு சொல்லி தப்பிச்சிட்டார். அக்கா கவனிக்காம "திமிங்கலம்"னு சொல்லிட்டு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டா. என் முறை வந்தப்ப நான் யோசிக்க ஆரம்பிச்சேன், அங்க தான் தப்பு பண்ணிட்டேன். "ஒண்ணே ஒண்ணு தான் சித்தி, ரெண்டு சொன்னா செல்லாது"ன்னுட்டா. மூணு நாள் டைம் கேட்டு வாங்கிருக்கேன்னா பாத்துக்கோங்க. வேலைக்கு நடுவுல எல்லாம் இதே நெனப்பு தான்.

விஷயம் என்னன்னா சுறான்னு சொன்ன உடனே நம்ம எல்லாருக்கும் மனசுல வர்றது ஒரே உருவம். வெள்ளைச் சுறா, தண்ணிக்கு மேல நீட்டிட்டு நிக்குற துடுப்பு, பல்லு, ரத்தம், அவ்வளவு தான். ஆனா இன்னைக்கு உயிரோட இருக்குற சுறா இனங்கள் மட்டும் 500க்கு மேல. அதுல ரொம்ப குட்டி ஒண்ணு இருக்கு, குள்ள விளக்குச் சுறான்னு வச்சுக்கலாம், கொலம்பியா வெனிசுலா பக்கம் ஆழ்கடல்ல இருக்கு, மொத்த நீளமே சுமார் 20 சென்டிமீட்டர், நம்ம பென்சிலை விட கொஞ்சம் பெருசு, வயிறு வேற இருட்டுல மினுக்கும். இன்னொரு கோடியில திமிங்கலச் சுறா, 18 மீட்டர் வரைக்கும் வளரும். ரெண்டையும் ஒரே பேர்ல கூப்பிடுறோம்ங்கறதே எனக்கு அதிசயமா தான் இருக்கு.

முதல் நாள் நான் திமிங்கலச் சுறா கட்சி. அவ்வளவு பெரிய உடம்பு, வாயில ஆயிரக்கணக்குல பல்லு, ஆனா ஒவ்வொண்ணும் அரிசி அளவு கூட இருக்காது, அதை வச்சு ஒண்ணையும் கடிக்கிறதும் இல்ல, வாயைத் தொறந்து தண்ணியோட மிதவை உயிரிகளை உள்ள இழுத்து வடிகட்டிக்கும். 1995ல தைவான்ல மாட்டுன ஒரு கர்ப்பிணி சுறா வயித்துல 300 குட்டி இருந்துச்சு. முன்னூறு! இதோட கண்ணு முழி மேலயே பல்லு மாதிரி குட்டி குட்டி செதில் இருக்குன்னு 2020ல ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் எழுதினாங்க, கண்ணுக்கு இமை கிடையாது இல்லையா, அதுக்குப் பாதுகாப்பா இருக்கலாம்ங்கறாங்க. ஆனா எனக்கு ரொம்பப் புடிச்சது வேற. அது முதுகுல வெள்ளை வெள்ளையா புள்ளி இருக்கும்ல, நம்ம கைரேகை மாதிரி ஒண்ணோடது இன்னொண்ணுக்கு இருக்காது. அந்தப் புள்ளிகளை வச்சு எந்த சுறா எதுன்னு அடையாளம் கண்டுபிடிக்க ஆளுங்க எடுத்தது வானியல்காரங்க நட்சத்திரக் கூட்டங்களை ஒப்பிடுறதுக்கு வச்சிருந்த கணக்கு முறை. வானத்தைப் பாக்குற கணக்கு அப்படியே கடல்ல இருக்குற ஒரு முதுகுக்குப் பொருந்திப் போகுது. இதை விட அழகா ஒண்ணு இருக்க முடியுமான்னு நெனச்சேன். ஆனா எல்லாருக்கும் புடிச்சது தானே அது, நான் வேற தனியா எதுக்கு ஓட்டு போடணும்னு விட்டுட்டேன்.

அப்புறம் கிரீன்லாந்து சுறா. பாக்க ஒண்ணும் சொல்லிக்கிற மாதிரி இருக்காது, ஏதோ பாதி செதுக்கிட்டு விட்ட பாறாங்கல் மாதிரி, பனிக்கடல்ல நம்ம நடக்குற வேகத்தை விட மெதுவா போய்க்கிட்டு இருக்கும், கண்ணுல ஒரு ஒட்டுண்ணி புழு மாதிரி தொங்கிட்டு இருக்கும், அதைப் பத்தி அதுக்குக் கவலையே இல்லாத மாதிரி. 2016ல இதோட வயசைக் கண்டுபிடிச்ச கதை தான் கதை. சுறாவுக்கு எலும்பு கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு. மத்த சுறாக்கள்ல முதுகெலும்பு வளையத்தை எண்ணி வயசு சொல்லலாம், இதுக்கு அதுவும் ரொம்ப சாஃப்ட். அதனால கண்ணு லென்ஸோட நடு மையத்தை எடுத்தாங்க, அது குட்டி தாய் வயித்துல இருக்கும்போதே உருவாகி அப்புறம் மாறவே மாறாது, அதுல கார்பன் சோதனை பண்ணிப் பாத்தா, எடுத்த 28 சுறாவுல பெரிய பொண்ணுக்கு, 5 மீட்டர் நீளம், வயசு சுமார் 392ன்னு வந்துச்சு. நூத்து இருபது வருஷம் முன்ன பின்ன இருக்கலாம். அதாவது ரொம்பக் கம்மியா வச்சாலும் 272. குட்டி போடுற பருவத்துக்கு வர்றதுக்கே 150 வருஷம் ஆகும்ங்கறாங்க. நான் முப்பதை நெருங்குறப்ப "எப்போ எப்போ"ன்னு கேட்டவங்க எல்லாரையும் இதுகிட்ட ஒரு தடவை அனுப்பி வைக்கணும்.

ரெண்டாவது நாள் ராத்திரி முழுக்க குக்கி கட்டர் சுறா. இதைப் பத்தி படிக்க ஆரம்பிச்சா தூக்கம் போயிடும், சொல்லிட்டேன். அரை மீட்டர் தான் நீளம், சுருட்டு மாதிரி உடம்பு. இது என்ன பண்ணும்னா திமிங்கலம், டால்ஃபின், சூரை மீன்னு தன்னை விட எத்தனையோ மடங்கு பெருசா இருக்குறதுகிட்ட போய், உதட்டை வச்சு உறிஞ்சி ஒட்டிக்கிட்டு, கீழ்ப் பல்லை இறக்கி அப்படியே ஒரு சுத்து சுத்தும், ஒரு வட்டமான சதை உருண்டை கழண்டு வந்துடும். கரண்டியால வழிச்சு எடுத்த மாதிரி குழி. திமிங்கலம் செத்துப் போகாது, வலியோட போய்க்கிட்டே இருக்கும், இவரு அடுத்த ஆளைப் பாப்பாரு. வயிறு பூரா பச்சையா ஒளி விடும், கழுத்துல மட்டும் கருப்பா ஒரு பட்டை, கீழ இருந்து பாக்குறவனுக்கு அந்த இருட்டுப் பட்டை ஏதோ சின்ன மீன் போற மாதிரி தெரிஞ்சு அதைத் திங்கலாம்னு கிட்ட வருவான், வந்தவன் தான் சாப்பாடுன்னு ஒரு கருத்து இருக்கு. கீழ்ப் பல்லு வரிசை தேஞ்சு போனா மொத்த செட்டையும் ஒண்ணா கழட்டி அதையே முழுங்கிடும், கால்சியம் வீணாகக் கூடாதாம். இதுக்கெல்லாம் மேல 1970கள்ல அமெரிக்க கடற்படை நீர்மூழ்கிக் கப்பல்கள்ல சோனார் கருவியை மூடியிருந்த ரப்பரை இது கடிச்சு வச்சு, எண்ணெய் கசிஞ்சு, கப்பல் ரிப்பேருக்குப் போக வேண்டியதாப் போச்சு. அணுசக்தில ஓடுற கப்பல், அதைக் கடிச்சது அரை மீட்டர் மீன். பசியா திமிரான்னு தெரியல, எனக்கு திமிர்னு நெனச்சுக்கத் தான் புடிச்சிருக்கு.

கிட்டத்தட்ட இதையே சொல்லிடலாம்னு இருந்தேன். ஏழு வயசுப் பொண்ணுகிட்ட சதை உருண்டை கதையை சொன்னா எங்கக்கா என்னை வீட்டுக்குள்ள விட மாட்டாளேன்னு தான் தயங்கினேன்.

நடுவுல வந்து போனவங்க நிறைய பேர். நரிச் சுறான்னு ஒண்ணு, உடம்புல பாதி வாலு தான், அந்த வாலை தலைக்கு மேல சாட்டை மாதிரி வீசி மத்தி மீன் கூட்டத்தை மயங்க வச்சுத் திங்கும், பிலிப்பைன்ஸ்ல படம் புடிச்சு 2013ல வெளியிட்டாங்க. பூதச் சுறா, தாடையே தனியா முன்னாடி பாஞ்சு வந்து கவ்விட்டுத் திரும்ப உள்ள போகும், பாத்தா ஒரு நிமிஷம் பேச்சு வராது. அப்புறம் பெருவாய்ச் சுறா, நாலரை மீட்டர் நீளம் இருக்குற ஒரு மிருகம் 1976 வரைக்கும் அறிவியலுக்கே தெரியாம இருந்துருக்கு, ஹவாய் பக்கம் ஒரு கடற்படைக் கப்பலோட கடல் நங்கூரத்துல வந்து சிக்குனதால தான் தெரிஞ்சுது. அக்கா பொண்ணோட ஆளு கொம்பன் சுறா, தலை சுத்தியல் மாதிரி இருக்கும்ல அது. அதுல ஒரு குட்டி இனம், பானட்ஹெட், கடல் புல்லைத் தின்னு அதுல பாதியளவுக்கு செரிக்கவும் செய்யுதுன்னு 2018ல கண்டுபிடிச்சிருக்காங்கன்னு ஆசையா சொன்னேன். "சுறா புல்லு திங்காது சித்தி"ன்னு ஒரே போடா போட்டுட்டா. ஆராய்ச்சிக்கட்டுரை எல்லாம் அவகிட்ட எடுபடல.

மூணாவது நாள் தான் எனக்கு அந்த முட்டை ஞாபகம் வந்துச்சு. சில வருஷம் முன்னாடி ஒரு மீன் காட்சியகத்துல, தொட்டுப் பாக்குற தொட்டின்னு வச்சிருந்தாங்க. மூங்கில் சுறா, ரெண்டடி இருக்கும், அடியில சும்மா படுத்துக் கிடந்துச்சு. தலையில இருந்து வால் பக்கமா தடவினா வழுவழுன்னு இருந்துச்சு, கையைத் திருப்பி எடுக்குறப்ப லேசா எதிர்ப்பக்கம் பட்டுச்சு, சரக்குன்னு உப்புத்தாள்ல உரசுன மாதிரி. தோல் முழுக்க பொடிப் பொடிப் பல்லு, எல்லாம் வாலைப் பாத்து சாஞ்சிருக்கும். அங்க வேலை பாத்த பொண்ணு என் முகத்தைப் பாத்துட்டு, வாங்க ஒண்ணு காட்டுறேன்னு பக்கத்துத் தொட்டியில இருந்த ஒரு முட்டைக்குப் பின்னாடி டார்ச் அடிச்சுக் காட்டுச்சு. முட்டைன்னா கோழி முட்டை மாதிரி இல்ல, பழுப்பா தோல் பை மாதிரி, உள்ளங்கை அளவு. வெளிச்சம் பட்டதும் உள்ள ஒரு மஞ்சள் உருண்டை, அதுல இருந்து ஒரு கயிறு, கயிறோட முனையில விரல் நீளத்துக்கு ஒரு சுறா. கோடு கோடா. வாலை நிறுத்தாம ஆட்டிக்கிட்டே இருந்துச்சு, உள்ள தண்ணி ஓட்டம் வரணும்ல அதுக்குத் தான் அந்த ஆட்டம்.

வீட்டுக்கு வந்து படிச்சா அதுல இன்னொரு கதை. சுறாக்களுக்கு மூக்கைச் சுத்தி பொடிப் பொடியா துளை இருக்கும், உள்ள ஜெல்லி மாதிரி, வேற உயிரோட உடம்புல ஓடுற துளியூண்டு மின்சாரத்தைக் கூட அதை வச்சு கண்டுபிடிச்சிடும். 1678லயே லோரன்சினின்னு ஒரு இத்தாலிக்காரர் இந்தத் துளைகளைப் பாத்து எழுதி வச்சிட்டார், எதுக்குன்னு புரிய இருபதாம் நூற்றாண்டு ஆச்சு. மூங்கில் சுறாக் குஞ்சு முட்டைக்குள்ள இருக்கும்போதே அதுக்கு இந்த உணர்வு வந்துடுது. திங்க வர்றவனோட மின்சாரம் பக்கத்துல தெரிஞ்சா வாலாட்டுறதை நிறுத்தி, மூச்சையே அடக்கிட்டு கம்முன்னு இருந்துடும். ஆஸ்திரேலியாவுல சோதனை பண்ணி 2013ல எழுதினாங்க. பொறக்கவே இல்ல, அதுக்குள்ள ஒளிஞ்சுக்கத் தெரியுது.

அந்த மூங்கில் சுறா குடும்பத்துல தான் என் ஆளு இருக்கு. எபாலெட் சுறா. ராணுவ அதிகாரிங்க தோள்ல பட்டை வச்சிருப்பாங்கல்ல, அந்த மாதிரி முன் துடுப்புக்கு மேல ரெண்டு பக்கமும் பெரிய கருப்புப் புள்ளி, சுத்தி வெள்ளை விளிம்பு. மொத்தமா ஒரு மீட்டர் அளவு தான். ஆஸ்திரேலியாவோட வடக்குலயும் நியூகினி பக்கமும் ஆழமில்லாத பவளத்திட்டுல இருக்கும். ராத்திரி கடல் வத்தும்போது திட்டுக்கு நடுவுல சின்னச் சின்ன குட்டையா தண்ணி தங்கிடும், அதுல இருக்குற ஆக்சிஜனை எல்லா உயிரும் சேந்து இழுத்துக் காலி பண்ணிடும், மத்த மீன் எல்லாம் திணறும். இது மூச்சையும் இதயத் துடிப்பையும் குறைச்சு, மூளையில சில பகுதிகளோட வேலையையும் குறைச்சுட்டு, ஆக்சிஜனே இல்லாம ஒரு மணி நேரம் வரைக்கும் கூட தாக்குப்புடிக்கும். அப்புறம் போரடிச்சா நாலு துடுப்பையும் ஊனி எந்திரிச்சு நடந்து அடுத்த குட்டைக்குப் போயிடும். தண்ணிக்கு வெளிய, பாறை மேல, பல்லி மாதிரி உடம்பை வளைச்சு வளைச்சு. வீடியோவுல பாத்தா அவசரமே இருக்காது, பக்கத்து வீட்டுக்கு எதையோ கேக்கப் போற மாதிரி தான் போகும்.

சுறான்னா 40 கோடி வருஷமா மாறவே இல்ல, டைனோசருக்கு முன்னாடியே வந்து அப்படியே நிக்குதுன்னு எல்லா இடத்துலயும் எழுதுறாங்களே, எனக்கு அதைக் கேட்டா எரிச்சலா வரும். வம்சம் பழசு தான், மரங்களுக்கே முன்னாடி வந்தது. ஆனா மாறலைன்னு யார் சொன்னது. நடக்குற சுறாக்கள் மொத்தம் ஒன்பது இனம், 2020ல அதோட மரபணுவைப் பாத்து சொன்னாங்க, அது பிரிஞ்சு வந்து வெறும் 90 லட்சம் வருஷம் தான் ஆகுதுன்னு. சுறா வம்சத்துலயே கடைக்குட்டி. அத்தனை கோடி வருஷம் நீந்திட்டு, நேத்து வந்த புள்ள எந்திரிச்சு நடக்குது. அதே மாதிரி "சுறா நீந்துறதை நிறுத்தினா செத்துடும்"ங்கறதும், சிலதுக்கு சரி, இது மாதிரி தரையில படுக்குறதுக்கெல்லாம் இல்ல, கண்ணுக்குப் பின்னாடி இருக்குற ஓட்டை வழியா தண்ணியை இழுத்து செவுளுக்கு அனுப்பிட்டு நிம்மதியா தூங்கும்.

இதுக்கு நடுவுல ஒரு நம்பரும் கண்ணுல பட்டுச்சு, பட்டப்புறம் விடல. 1970ல இருந்து பெருங்கடல்ல திரியுற சுறா, திருக்கை எல்லாம் சேத்து 71 சதவீதம் குறைஞ்சு போச்சு, காரணம் அளவுக்கு மீறி புடிக்கிறது தான். மெதுவா வளந்து, லேட்டா குட்டி போடுற உயிரு இந்த வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாது, 150 வருஷம் காத்திருந்து குட்டி போடுறதை எல்லாம் நெனச்சுப் பாருங்க. இதை நான் அவகிட்ட சொல்லல. கொஞ்சம் பெருசாகட்டும்.

மூணாவது நாள் சாயங்காலம் போய் "எபாலெட் சுறா"ன்னு சொன்னேன். அப்படி ஒண்ணு இல்லவே இல்லைன்னுட்டா. வீடியோவைக் காட்டினேன். நாலு தடவை பாத்தா, ஒண்ணும் பேசல, நோட்டை எடுத்துட்டு உள்ள போயிட்டா. ராத்திரி சாப்பிட உக்காரும்போது கொண்டு வந்து காட்டுறா, என் பேருக்கு நேரா ஒரு சுறா, தோள்ல கருப்புப் புள்ளி எல்லாம் சரியா வச்சு, நாலு துடுப்புக்கும் ஷூ மாட்டி வரைஞ்சிருக்கா. சாக்ஸ் எங்கடின்னு கேட்டேன். தண்ணியில நனைஞ்சிடுமாம்.