சோம் போர்க்களத்தில் மவுண்டன் சைக்கிள்

வடக்குப் பிரான்சில் சோம் பக்கம் மவுண்டன் சைக்கிள் ஓட்டப் போகிறேன் என்று சொன்னால் "அங்கே ஏது மலை?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். மலை கிடையாதுதான். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படை ஜெர்மன் படையோடு மோதிய இந்த 1916 போர்க்களத்திலேயே உயரமான இடமான பொசியேர் காற்றாலை மேடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 160 மீட்டர், அவ்வளவே. கீழே ஆங்க்ர் ஆறு ஓடும் பள்ளத்திலிருந்து அங்கே ஏறினால் மொத்த ஏற்றம் நூறு மீட்டருக்கு முன்னே பின்னே இருக்கும். சுற்றிலும் கோதுமை, சர்க்கரை பீட்ரூட், உருளைக்கிழங்கு, இடையிடையே சின்னச் சின்னக் காடுகள், அரை மணிக்கு ஒரு கிராமம். போர் வரலாற்றில் ஆர்வமுள்ள, சைக்கிள் மிதிக்கத் தெரிந்த யாருக்கும் முதலில் போகச் சொல்லி நான் கைகாட்டும் இடம் இதுதான்.

காரணம் அந்தச் சின்ன ஏற்றங்கள்தான். காரில் போனால் அப்படி ஒரு சரிவு இருப்பதே தெரியாது. சைக்கிளில் இரண்டு கியர் இறக்க வேண்டியிருக்கும், மூச்சு கொஞ்சம் வாங்கும், மேலே போய்த் திரும்பிப் பார்த்தால் நீங்கள் ஏறி வந்த பாதை முழுக்க, வழியில் குனிந்து தண்ணீர் குடித்த இடம் உட்பட, பளிச்சென்று தெரியும். மேலே ஒரு இயந்திரத் துப்பாக்கி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. 1916 ஜூலை 1 அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் 57,470 பேர் அடிபட்டார்கள், அதில் 19,240 பேர் இறந்தார்கள். இந்த எண்ணைப் பல தடவை படித்திருக்கிறேன். அந்தச் சரிவை மிதித்து ஏறிய பிறகுதான் அது எப்படி நடந்திருக்க முடியும் என்று பிடிபட்டது.

அல்பெர் என்ற சிறு ஊரிலிருந்து கிளம்புவது வசதி. அமியானிலிருந்து ரயில் இருக்கிறது, சைக்கிளை ஏற்றிக்கொள்ளலாம். அங்கிருந்து பாப்போம் ஊருக்கு ரோமானியர் காலத்து நேர்ச்சாலை ஒன்று போகிறது; லாரிகள் வேகமாக வரும், அதில் ஓட்டாதீர்கள். ஆனால் வரைபடத்தில் அதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சைக்கிளில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாகப் போய்ச் சேரும் தூரம்தான் பாப்போம். ஜூலை 1-இல் தொடங்கி நவம்பர் 18 வரை, ஏறத்தாழ ஐந்து மாதம் சண்டை போட்டும் பிரிட்டிஷ் படை அந்த ஊரை எட்டவில்லை. சுமார் 5 கிலோமீட்டர் முன்னாலேயே நின்றுபோனது.

வயல்வழிப் பாதையில் ஏறினால் முதலில் வருவது லா புவாசெல். அங்கே லாக்நகர் பள்ளம். ஜெர்மன் வீரர்கள் பதுங்கியிருந்த அகழிக்கு அடியில் பிரிட்டிஷ் தரப்பு சுரங்கம் தோண்டி, சுமார் 27 டன் வெடிமருந்தை அடைத்து, ஜூலை 1 காலை 7:28-க்கு வெடித்தார்கள். விளிம்பில் நின்றால் குறுக்களவு நூறு மீட்டருக்குப் பக்கத்தில், ஆழம் இருபது மீட்டருக்கு மேல். சுற்றி நடக்க மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். சைக்கிளை வெளியே சாய்த்துவிட்டு நடந்து சுற்றுங்கள், இதுவும் கல்லறைதான்.

அங்கிருந்து தெற்கே கொஞ்சம் விலகினால் ஃப்ரிகூர் ஜெர்மன் கல்லறை. 17,000-க்கும் மேற்பட்டவர்கள், அதில் பெரும்பாலோர் நான்கு பொதுக்குழிகளில். பலர் இதை விட்டுவிட்டுப் போகிறார்கள், விடாதீர்கள். எதிர்த்தரப்பின் கல்லறையையும் பார்க்காமல் அந்தச் சரிவைப் பாதிதான் பார்த்ததாக அர்த்தம்.

எனக்கு மனதில் ஆழமாக நிற்பது அடுத்த பகுதி. மாமெட்ஸ் காட்டைத் தாண்டி, பசாந்தன் கிராமங்கள் வழியாக, ஹை வுட் காட்டை நோக்கி மண்பாதை மெல்ல ஏறுகிறது. 1916 ஜூலை 14 விடியற்காலையில் பிரிட்டிஷ் படை பசாந்தன் மேட்டைப் பிடித்துவிட்டது. மேலே ஹை வுட் அப்போது ஏறத்தாழ காலியாகக் கிடந்தது. ஆனால் உத்தரவுகள் போய் வந்து, ஆட்கள் வந்து சேருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அந்தச் சாயங்காலம்தான் இந்தியக் குதிரைப்படையான டெக்கான் ஹார்ஸும் பிரிட்டிஷ் 7-ஆவது டிராகூன் கார்ட்ஸும் ஈட்டியை நீட்டிக்கொண்டு, நெஞ்சளவு பயிருக்குள் குதிரைகளை விரட்டிக்கொண்டு இதே சரிவில் ஏறினார்கள். ஹைதராபாத் பக்கத்துப் பெயரைத் தாங்கிய ஒரு படை, பிரெஞ்சுக் கோதுமை வயலில், இயந்திரத் துப்பாக்கிக்கு எதிரே! அந்தக் காடு முழுசாகக் கைக்கு வந்தது செப்டம்பர் 15-இல். அதே நாள், அங்கிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில், ஃப்ளேர் கிராமத்தை நோக்கி உலகத்திலேயே முதல் தடவையாக டாங்கிகள் ஊர்ந்து போயின. ஈட்டிக்கும் டாங்கிக்கும் நடுவில் இரண்டே மாதம், சில வயல்கள். டெக்கான் ஹார்ஸ் இன்றும் இந்திய ராணுவத்தில் இருக்கிறது, டாங்கிப் படையாக. அந்தப் பாதையில் சைக்கிளை நிறுத்தி இதை யோசித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றிருந்தேன். ஹை வுட் தனியார் நிலம், உள்ளே போக முடியாது. எதிரே உள்ள லண்டன் கல்லறையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

அந்த வழியில் ஒரு மின்கம்பத்தின் அடியில் துருப்பிடித்த இரண்டு பீரங்கிக் குண்டுகளைச் சாத்தி வைத்திருந்தார்கள். உழும்போது கலப்பையில் சிக்குவதை விவசாயிகள் இப்படி ஓரமாக வைக்கிறார்கள், அரசின் வெடிகுண்டு அகற்றும் பிரிவு வந்து எடுத்துப்போகும். ஜூலை 1 தாக்குதலுக்கு முந்தைய ஒரு வாரத்தில் மட்டும் 15 லட்சத்துக்கும் மேல் குண்டுகள் சுட்டார்கள், அதில் ஏராளமானவை வெடிக்காமல் மண்ணுக்குள் போனவை. நூறு வருஷம் தாண்டியும் இவை ஆளைக் கொல்லக்கூடியவை, சிலவற்றில் விஷவாயுவும் உண்டு. தொடாதீர்கள், காலால் உருட்டிப் பார்க்காதீர்கள், படம் எடுக்கக்கூடக் கிட்டே போகாதீர்கள். உழுத மண்ணில் கோலிக்குண்டு அளவில் ஈய உருண்டைகள் கிடக்கும், அதையும் விட்டுவிடுங்கள். அது அந்த மண்ணுக்குச் சொந்தம்.

சரி, அங்கிருந்து மேற்கே தியேப்வால். பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்த பெரிய செங்கல் நினைவு வளைவு, 1932-இல் திறந்தார்கள். டெல்லியின் இந்தியா கேட்டும் அவர் வடிவமைத்ததுதான். உடல் கிடைக்காத 72,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் தூண்களில் இருக்கின்றன. யாருடைய உடலாவது கிடைத்து அடையாளம் தெரிந்தால் அந்தப் பெயரை எடுத்துவிடுவார்கள், அதனால் கல்லில் அங்கங்கே வெற்றிடம் விழுந்திருக்கிறது. கூட்டம் அதிகம், நான் சீக்கிரம் கிளம்பிவிட்டேன்.

எனக்கு மனசு தங்குவது சின்னக் கல்லறைகளில். வயலுக்கு நடுவில், ரோடு கூட இல்லாமல், ஒரு புல்வரப்பு மட்டும் போகும் இடங்களில் நாற்பது ஐம்பது கற்கள். காரில் வருகிறவர்கள் எட்டிப்பார்ப்பதில்லை, சைக்கிளுக்கு இது வழியிலேயே வரும். எல்லாக் கல்லும் ஒரே உயரம், அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் வித்தியாசம் கிடையாது. சுவரில் ஒரு சிறு பித்தளைக் கதவு இருக்கும், திறந்தால் பெயர்ப் பதிவேடும் வருகையாளர் நோட்டும். கல்லின் அடியில் குடும்பத்தார் எழுதச் சொன்ன வரி, இடைவெளியோடு சேர்த்து 66 எழுத்துக்குள். நேரமெடுத்துப் படியுங்கள். அம்மாக்கள் எழுதிக் கொடுத்தவை நிறைய. சைக்கிளை வெளியே வையுங்கள், ஹெல்மெட்டைக் கழற்றுங்கள், புல்லில் உட்கார்ந்து சாப்பிட வேண்டாம்.

ஆங்க்ர் பக்கம் இறங்கும் இறக்கம்தான் முழு வழியிலும் சைக்கிளுக்குக் கொஞ்சம் விளையாட்டு காட்டும் இடம். மறுகரையில் ஏறினால் போமோன்-ஹமேல், அங்கே நியூஃபவுண்ட்லாந்து பூங்கா. அகழிகள் புல் மூடி வளைந்து வளைந்து அப்படியே கிடக்கின்றன. ஜூலை 1 காலை நியூஃபவுண்ட்லாந்து படைப்பிரிவின் சுமார் 800 பேர் அங்கிருந்து தாக்குதலுக்குக் கிளம்பினார்கள், மறுநாள் பெயர் கூப்பிட்டபோது 68 பேர்தான் பதில் சொன்னார்கள். அங்கே சரிவு ஏறவில்லை, எதிரியை நோக்கி இறங்குகிறது. மறைவதற்கு எதுவும் கிடையாது. பக்கத்தில் இரு தரப்புக்கும் நடுவில் இருந்த பள்ளப்பாதை ஒன்று இருக்கிறது, லங்காஷயர் ஃபியூசிலியர்கள் என்ற பிரிட்டிஷ் படைப்பிரிவினர் தாக்குதலுக்குக் காத்திருந்த இடம். அன்று காலை அங்கே உட்கார்ந்திருந்தவர்களின் முகங்கள் படச்சுருளில் பதிவாகியிருக்கின்றன. அந்தப் பாதையில் நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போனேன், மிதிக்கத் தோன்றவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயம். மண் சுண்ணாம்பு மண், அதற்குள் கத்தி மாதிரி சிக்கிமுக்கிக் கற்கள். மெல்லிய டயர் தாங்காது. அகலமான டியூப்லெஸ் டயரில் சீலன்ட் (ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம்) நிறைய ஊற்றிக்கொள்ளுங்கள், காற்றைக் கொஞ்சம் குறைத்தே வையுங்கள். பெரிய சஸ்பென்ஷன் தேவையே இல்லை. மழை பெய்தால் வெள்ளைச் சேறு டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் அடைத்துக்கொண்டு சக்கரமே சுற்றாது, அப்படிப்பட்ட நாளில் தார்ச்சாலையோடு நின்றுகொள்வது நல்லது. மே, ஜூன் நன்றாக இருக்கும். இலையுதிர் காலத்தில் பீட்ரூட் லாரிகள் பாதையை உழுதுவிடும், வேட்டைக்காரர்களும் கிளம்பிவிடுவார்கள், காட்டோரமாகப் போனால் பளிச்சென்ற நிறத்தில் சட்டை போடுங்கள். கிராமங்களில் கடை இருக்கும் என்று நம்ப வேண்டாம், தண்ணீரையும் சாப்பாட்டையும் அல்பெரிலேயே கட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம், நேரம் இருந்தால் வடக்கே நவ்-ஷபேலுக்கும் போய் வாருங்கள். பெத்யூன் வரை ரயில், பிறகு தட்டையான சாலையில் கொஞ்ச நேர மிதி. ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்து 1927-இல் திறந்த இந்திய நினைவிடம் அங்கே இருக்கிறது, கல்லறை கிடைக்காத 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்களோடு. 1915 மார்ச் 10 அன்று அந்த ஊர்ச் சண்டையில் இறந்து, பிரிட்டனின் உயரிய வீரப்பதக்கமான விக்டோரியா கிராஸ் பெற்ற கர்வால் ரைஃபிள்ஸின் கபர் சிங் நேகியின் பெயரும் அந்தச் சுவரில் இருக்கிறது. ஒரு மத்தியானம் முழுசாக அதற்கென்று ஒதுக்குங்கள்.