மா மூட்டை நூல்

யாழ்ப்பாணத்து உடுவில் மகளிர் கல்லூரியின் தையல் அறையில் எந்தக் கைவேலையைக் கொண்டுபோய் மேசையில் வைத்தாலும் எங்கள் ரீச்சர் கேட்கும் முதற் கேள்வி, "பிள்ளை, இதைத் தோய்க்கலாமோ?" என்பதுதான். அழகு, நேர்த்தி, நிறப் பொருத்தம் எல்லாம் அதற்குப் பிறகு. தோய்த்துக் காயப்போட்டு மறுபடி பாவிக்க முடியாத சாமானை ஒருவருக்குக் கொடுப்பது அவர் தலையில் பாரத்தை ஏற்றுவது என்று அவர் உறுதியாக நம்பினார். "அலுமாரிக்குள்ளை வைக்கவோ பின்னிறியள்? ஆருக்கு எண்டு முதல் யோசியுங்கோ, பிறகு ஊசியை எடுங்கோ." அவரிடம் குறோசே என்ற கொக்கி ஊசிப் பின்னல் பழகிய எவரும் இதை மறந்திருக்க மாட்டீர்கள்.

1824இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளியைத் தொடங்கிய காலத்திலேயே வாசிப்போடும் எழுத்தோடும் தையலும் பாடமாக இருந்தது. அந்த நீண்ட வரிசையின் கடைசிப் பக்கத்தில் எங்கேயோ நாங்களும் ஊசியோடு இருந்தோம் என்பதில் எனக்கு இன்றும் பெருமை. பரீட்சைப் பெறுபேறுகளையும் விளையாட்டுப் போட்டிகளையும் பற்றி நம் பழைய மாணவியர் மலர்களில் நிறைய வந்துவிட்டது. தையல் அறைக்கும் ஓர் இடம் வேண்டும்.

நாங்கள் பழகிய காலம் 1990க்குப் பிந்தியது. மின்சாரம் இல்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடையால் சவர்க்காரமே கிடைக்காமல் பனம்பழம் போட்டு உடுப்புத் தோய்த்த காலம். சுன்னாகம் சந்தையடியில் முன்பு கலர் கலராகத் தொங்கிய நூல் கண்டுகள் கண்ணிலும் படவில்லை. ரீச்சர் பாடத்தை நிறுத்தவில்லை. நிவாரண மா வரும் மூட்டைகளின் வாயைத் தைத்திருக்கும் நூலைச் சேர்த்துக்கொண்டு வரச் சொன்னார்.

அந்தத் தையல் ஒரு சங்கிலித் தையல். சரியான பக்கத்து நுனியைப் பிடித்து இழுத்தால் மூட்டையின் வாய் முழுவதும் சரசரவென்று ஒரே இழுவையில் கழன்று வரும். மற்றப் பக்கத்தால் இழுத்தால் இறுகி முடிச்சாகும், பிறகு கத்தரிக்கோல்தான். கூட்டுறவுச் சங்கக் கடைக்கு முன்னால் மூட்டை அவிழ்க்கிற அண்ணரிடம் "வெட்டாதேங்கோ அண்ணை, நாங்கள் கழட்டித் தாறம்" என்று கெஞ்சிக்கொண்டு நிற்போம். ஒரு மூட்டையில் கிடைப்பது கொஞ்ச நூல்தான். அதைச் சாம்பல் தண்ணீரில் அவித்து, மாப்பசை போக அலசி, கொடியில் இழுத்துக் கட்டிக் காயவிட்டால் பழுப்பு நிறம் போய், தடித்த, முறுக்கான, அசல் பருத்தி நூல் கையில் இருக்கும். குறோசே ஊசிக்கும் தட்டுப்பாடுதான். சைக்கிள் சில்லுக் கம்பியை வெட்டி, நுனியை அரத்தால் ராவி, கொக்கி வளைவு எடுத்துத் தருவதற்கு மருதனார்மடத்தில் ஒரு சைக்கிள் கடைக்காரர் இருந்தார். கம்பியின் தடிப்பு 2 மில்லிமீற்றர். அந்த நூலுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது.

பிறந்த குழந்தைக்குத் தொப்பி பின்னப் பழக்கிய பாடம் எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. ரீச்சர் கரும்பலகையில் முதலில் எழுதியது 22/7. "கணக்குப் பாடத்திலை படிச்சதை இஞ்சை கொண்டு வாங்கோ." பிறந்த பிள்ளையின் தலைச் சுற்றளவு ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர். அதை 22/7ஆல் பிரித்தால் 11 சென்ரிமீற்றர் சொச்சம் வரும். உச்சி வட்டத்தின் குறுக்களவு அதுதான், பின்னல் இழுபடும் என்பதால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். முதல் வளையத்தில் 12 ட்ரெபிள் (உயரமான பின்னல் கண்), அடுத்த சுற்றில் 24, அதற்கடுத்ததில் 36 என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். குறைவாகக் கூட்டினால் வட்டம் சிரட்டையாகக் குழியும், அதிகம் கூட்டினால் விளிம்பு அலையலையாக நெளியும். வட்டம் மேசையில் தட்டையாகக் கிடக்க வேண்டும். குறுக்களவு வந்ததும் கூட்டுவதை நிறுத்திவிட்டு நேரே கீழே இறங்கினால் தொப்பி தானாக உருவாகும். கணக்கு மேல் எனக்கிருந்த பயம் அன்றைக்குத்தான் கழன்றது.

1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு போருக்குப் பயந்து வலிகாமத்துச் சனம் முழுவதும் ஊரைவிட்டு நடந்தபோது என் பையில் இருந்தவற்றுள் ஒன்று, கண்காட்சிக்கென்று நான் மா மூட்டை நூலில் பின்னிய மேசை விரிப்பு. ஏன் அதை எடுத்தேன் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் பல குடும்பங்களோடு இருந்தோம். கார்த்திகை மழை. கூரை ஒழுகியது. பக்கத்துப் பாயில் இருந்த அக்காவுக்கு அங்கிருந்தபடியே ஆசுபத்திரிக்குப் போய்ப் பிள்ளை பிறந்தது. சுற்றிக் கொண்டுவர ஒரு பழஞ்சேலைத் துண்டுதான் அவர்களிடம் இருந்தது. என்னோடு அதே வகுப்பறையில் இருந்த என் வகுப்புத் தோழி விரிப்பின் கடைசி முடிச்சைத் தேடிக் கண்டுபிடித்தாள். நான் ஒரு பக்கம் கழற்ற, அவள் மறுபக்கம் பந்தாகச் சுற்றினாள். சைக்கிள் கம்பி ஊசியும் பையில் இருந்தது. ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் 12, 24, 36 என்று எண்ணி எண்ணிப் பின்னி, விடியுமுன் தொப்பியை அந்தத் தாயின் கையில் கொடுத்தோம். "எட, அளவா இருக்கடி பிள்ளை" என்றார் அவர். நனைந்தால் பிழிந்து காயப்போட்டுத் திரும்பவும் போட்டார்கள். 31ஆம் நாள் துடக்குக் கழியும்வரைக்கும் அந்தப் பிள்ளைக்கு அந்த ஒரு தொப்பிதான். கண்காட்சி மேசையில் கிடந்திருந்தால் அந்த நூலுக்கு இந்தப் பயன் வந்திருக்காது.

லண்டனுக்கு வந்த பிறகு நூலுக்குக் குறைவில்லை. கடைக்குள் போனால் எதை எடுப்பது என்று கண் கலங்கும். ஆனாலும் எடுக்குமுன் சுற்றியிருக்கும் காகிதத்தில் தோய்க்கும் முறையைத்தான் முதலில் வாசிக்கிறேன். சுத்தக் கம்பளி சுடுதண்ணீர் பட்டால் சுருங்கித் தடித்துப்போகும். கைக்குழந்தையோடு நித்திரையில்லாமல் இருக்கிற தாய்க்கு "இதைக் கையால் பச்சைத்தண்ணீரில் தோய்" என்று சொல்லிக் கொடுக்கிற பரிசு எனக்குப் பிடிக்காது. மெசினில் போடக்கூடிய பருத்தி நூலே என் முதல் தெரிவு. தோழிகளுக்கென்றால் பெரும்பாலும் சந்தைக்குக் கொண்டுபோகிற வலைப்பை, லேஞ்சிக்கு (கைக்குட்டைக்கு) வைக்கிற கரை, அடுப்புச் சட்டி பிடிக்கிற தடித்த துணி. சட்டி பிடிக்கிற துணிக்கு அக்ரிலிக் நூல் கூடவே கூடாது, சூட்டில் உருகும்.

குழந்தைகளுக்குச் செய்யும்போது கவனம் இரட்டிப்பாக வேண்டும். பெரிய ஓட்டைகள் வைத்த போர்வை படத்தில் அழகாக இருக்கும், குழந்தையின் விரல் அதற்குள் போய் மாட்டும். பொம்மைக்குப் பிளாஸ்ரிக் கண் வைக்காமல் நூலாலேயே கண்ணைத் தைத்துவிடுங்கள். கழுத்தில் கட்டுகிற நீளக் கயிறு வேண்டாம். தொப்பி வெளியில் போகும்போது போடத்தான், வீட்டுக்குள் படுக்கவைக்கும்போது கழற்றிவிட வேண்டும் என்று இங்கத்தைய தாதிமார் சொல்வார்கள். பரிசோடு இதை ஒரு சின்ன அட்டையில் எழுதி வைப்பது என் வழக்கம்.

கனடாவில் இருக்கிற நம் தோழிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ரீச்சர் நமக்குப் பழக்கியது பிரித்தானிய முறை. அமெரிக்கப் புத்தகத்தில் டபிள் என்று போட்டிருந்தால் அது நம்முடைய ட்ரெபிள். அவர்கள் சிங்கிள் என்பது நம்முடைய டபிள். ரொறன்ரோவில் ஒருத்தி, வாங்கிய புத்தகத்தைப் பார்த்து அப்படியே செய்தும் தொப்பி கட்டையாக, விறைப்பாக வருகிறது என்று தொலைபேசியில் அழாக்குறை. "புத்தகம் எந்த ஊரில் அச்சடிச்சது எண்டு பாரடி" என்றேன். அடுத்த வாரமே சரியான தொப்பியின் படம் வந்தது.

குறைமாதக் குழந்தைகளுக்குக் எட்டுக்கால் ஒக்ரோபஸ் பொம்மை பின்னிக் கொடுக்கும் வழக்கம் 2013இல் டென்மார்க்கில் தொடங்கி இங்கேயும் வந்திருக்கிறது. தொப்புள்கொடி போன்ற அதன் கால்களைப் பிடித்துக்கொண்டு குழந்தை அமைதியாகக் கிடக்கும் என்கிறார்கள். மருத்துவ ரீதியில் அது எவ்வளவு தூரம் என்று சொல்ல நான் ஆளில்லை, ஆனால் அதன் விதிகளை வாசித்தபோது ரீச்சரே எழுதியது போல இருந்தது. முழுப் பருத்தி நூல், 60 பாகை வெப்பத்தில் தோய்க்கக்கூடியதாக இருக்க வேண்டும், உள்ளே அடைத்த பஞ்சு தெரியாதபடி நெருக்கமான பின்னல், காலை இழுத்துப் பிடித்தாலும் 22 சென்ரிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. செய்யுமுன் அந்தந்த ஆசுபத்திரியில் கேட்டுவிடுங்கள். எல்லா இடத்திலும் எடுக்கமாட்டார்கள்.

நான் போகிற பின்னல் குழுவில் அயர்லாந்துப் பெண்மணி ஒருவர் இருக்கிறார். 1845இல் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பஞ்சம் வந்தபோது கோர்க் பக்கத்தில் உர்சுலைன் கன்னியர் பெண்களுக்குக் குறோசே லேஸ் பழக்கியதையும், அதை விற்ற காசில் குடும்பங்கள் சாப்பிட்டதையும் சொன்னவர் அவர். நான் மா மூட்டை நூலின் கதையைச் சொன்னேன். அவருக்கு அதில் விளக்கம் கேட்க எதுவும் இருக்கவில்லை. ஊசியின் தடிப்பு என்ன, எந்தப் பக்கத்து நுனியை இழுக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

இப்போது என் மடியில் இருப்பது, அன்று விரிப்பைக் கழற்ற நுனி தேடித் தந்த, மெல்பேர்ணில் இருக்கிற அந்தத் தோழியின் பேரப்பிள்ளைக்கு. மாசி மாதம் பிறக்கப் போகிறது. அங்கே அப்போது நல்ல கோடை. ஆகவே கம்பளி இல்லை, கைமறைக்கும் சட்டை இல்லை. மெல்லிய பருத்தியில் கையில்லாத சட்டையும், வெயிலுக்கு விளிம்பு வைத்த தொப்பியும். விளிம்புக்கு மட்டும் வேண்டுமென்றே கூடுதலாகக் கூட்டுகிறேன், அலையலையாக நெளியட்டும் என்று.