கடலுக்கடியில் ஒரு கோலி

மே 25, ஞாயிறு

தங்கையும், நான் தம்பி என்று கூப்பிடும் அவள் மகனும் மன்னார்குடியிலிருந்து வந்து மூன்று நாளாகிறது. பள்ளி திறப்பதற்குள் பையனுக்குச் சிங்கப்பூரைச் சுற்றிக் காட்டிவிட வேண்டும். இன்று ஆசிய நாகரிக அருங்காட்சியகம். அங்கே சீனாவின் தாங் அரசர்கள் காலத்துக் கப்பல் சரக்குக்கென்றே ஒரு கூடம் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவை ஒட்டி மூழ்கிய கப்பல். 1998-ல் கடல் அட்டை எடுக்க முங்கியவர்கள் கண்ணில்தான் முதலில் பட்டது. அறுபதாயிரம் மண்பாண்டங்கள், கூடவே பொன்னும் வெள்ளியும்.

தம்பி தங்கக் கிண்ணத்தின் முன்னால் நின்றவன் நகரவே இல்லை. எனக்கு அந்தச் சாதாரணச் சோற்றுக் கிண்ணங்கள்தான் பிடித்தன. ஒன்றில் 826-ஆம் ஆண்டுக்குரிய தேதி எழுதியிருக்கிறது. கப்பலின் காலத்தைக் கணிக்கக் கைகொடுத்தது அந்தக் கிண்ணம்தான்.

"பெரியம்மா, நாமளும் முங்கினா ஏதாவது கிடைக்குமா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான். பாமணியாற்றில் நீந்திப் பழகியவன். புதன்கிழமை விடுப்பு போட்டிருக்கிறேன்.

மே 26, திங்கள்

வேலை முடிந்து வரும்போது இரண்டு முகமூடி, மூச்சுக்குழாய், தடித்த அடிப்பாகம் உள்ள ரப்பர் காலணி எல்லாம் வாங்கினேன். காலணி கட்டாயம் வேண்டும். இங்கே ஆழமில்லாத தண்ணீரில் கல்லைப் போலவே கல்மீன் கிடக்கும், மிதித்தால் விஷமுள் ஏறிவிடும்.

மே 28, புதன்

கை இன்னும் உப்பு மணக்கிறது. தூங்குவதற்குள் எழுதிவிட வேண்டும்.

மரினா சவுத் படகுத்துறையிலிருந்து காலைப் படகு. செயின்ட் ஜான்ஸ் தீவில் இறங்கினோம். அங்கிருந்து லாசரஸ் தீவுக்குக் கடல்மேல் போட்ட பாதையில் நடந்தே போய்விடலாம். நேற்று அமாவாசை, அதனால் காலையில் நீர் நன்றாக வற்றி, நாங்கள் போன நேரத்தில் ஏறத் தொடங்கியிருந்தது. வார நாள் என்பதால் கூட்டமும் இல்லை. தங்கை தண்ணீரில் இறங்கவில்லை, மரத்தடியில் புளிச்சோற்றுக்குக் காவல் இருந்தாள்.

சிங்கப்பூர்க் கடல் கண்ணாடி மாதிரி இருக்காது. கடலைத் தூர்த்து நிலமாக்கும் வேலைகளால் பல்லாண்டுகளாக வண்டல் கலந்தே கிடக்கிறது. இரண்டு மீட்டருக்கு அப்பால் எல்லாம் பச்சைப் புகைதான். ஆனாலும் உலகத்தில் உள்ள கல்பவள வகைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, 250 வகைக்கும் மேல், இந்தக் கலங்கலில்தான் வாழ்கிறது. பதினெட்டு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், அதில் பதினாறு வருடம் இது எனக்குத் தெரியாமலே போய்விட்டது. அதை நினைத்தால் இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது.

கடற்புல் நாடா நாடாவாக அலைக்குத் தலை சாய்த்தது. ஒரு கடல் அட்டை. மணலில் பாதி புதைந்த நண்டு. பாதையை ஒட்டிப் பாறைகள் இருந்த பக்கம் தம்பி திடீரென்று நின்று என் தோளைத் தட்டினான். தலையைத் தூக்கி, குழாயைத் துப்பிவிட்டு, "கோலி சோடா!" என்று கத்தினான்.

நான் நம்பவில்லை. குனிந்து பார்த்தேன். இடுப்பளவுத் தண்ணீர், இரண்டு கல்லுக்கு நடுவே ஒரு போத்தலின் மேல்பாதி. தடித்த பச்சைக் கண்ணாடி, ஒரு பக்கம் முழுக்கக் கொட்டலசு, அதாவது பாறையில் ஒட்டி வளரும் ஓட்டுயிர், ஒட்டியிருந்தது. கழுத்தில் அந்த இரண்டு பள்ளம், ஊற்றும்போது கோலி வந்து வாயை அடைக்காமல் தடுப்பதற்கு. அடிப்பாகம் உடைந்து போயிருந்தது. ஆனால் கோலி உள்ளேயே இருந்தது. கழுத்தின் இடுக்கும் கீழே சேர்ந்திருந்த சிப்பியும் அதைப் பிடித்து வைத்திருந்தன.

ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1870களில் கண்டுபிடித்த போத்தல் இது. சோடாவின் வாயுவே கோலியை மேலே தள்ளி, கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தில் அழுத்தி மூடிக்கொள்ளும். எங்கள் ஊரில் இன்றும் கிடைக்கிறது. அதனால்தான் பார்த்ததுமே அவனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

தங்கை கரையிலிருந்து ஓடி வந்தாள். மூவரும் அந்த உடைந்த போத்தலைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தோம். அப்புறம்தான் எனக்குத் தாத்தா நினைவு வந்தது.

இந்தச் செயின்ட் ஜான்ஸ் தீவில் 1874-லிருந்து தொற்றுநோய்த் தடுப்பு முகாம் நடந்தது. முந்தின வருடம் சிங்கப்பூரில் காலரா பரவியதுதான் காரணம். கப்பலில் வந்தவர்களை இங்கே தங்கவைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குள் விட்டார்கள். அம்மாவின் அப்பா 1937-ல் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறியவர். "தீவுல போட்டு வச்சிருந்தானுங்க" என்று மட்டும் சொல்வார். அந்தத் தீவு எது என்று சின்ன வயதில் நாங்கள் யாருமே கேட்டதில்லை. நான் சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

அவர் நடந்த கரையில் நின்றுகொண்டிருந்தோம்.

தம்பி அதை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றான். எனக்கும் ஆசைதான், பொய் சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பார்த்த கப்பலின் இன்னொரு கதையை அவனிடம் சொன்னேன். அந்தச் சரக்கை வணிக நோக்கில் எடுத்தார்கள் என்று தொல்லியல் அறிஞர்கள் எதிர்த்ததால், அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் 2012-ல் வைக்க இருந்த கண்காட்சியையே கைவிட்டது. ஒரு பொருளைக் கிடந்த இடத்திலிருந்து பெயர்த்துவிட்டால், அதைச் சுற்றியிருந்த சேதியும் போய்விடும். இங்கே இருக்கும்வரைதான் இது தீவில் யாரோ குடித்த சோடா. என் வீட்டு அலமாரியில் வைத்தால் வெறும் உடைந்த கண்ணாடி.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு என் கைப்பேசியைக் கேட்டு வாங்கி, எல்லாப் பக்கமும் படம் எடுத்தான். போத்தலைக் காதருகே வைத்து மெல்ல ஆட்டினான், அதையும் பதிவு செய்தான். அவனே கொண்டுபோய் அந்த இரண்டு கல்லுக்கு நடுவே, ஒட்டியிருந்த பக்கம் கீழே வருகிற மாதிரி வைத்தான்.

புளிச்சோறு காலியாக ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

மே 29, வியாழன்

இரவு அம்மாவுடன் பேசினோம். தீவின் பேரைச் சொன்னதும் அம்மாவுக்குத் தெரியவில்லை. படங்களைப் பார்த்துவிட்டு, "அப்பா சோடா குடிச்சதா ஒரு நாளும் சொன்னதில்லையே" என்றார். துணியெல்லாம் வாங்கி வேகவைத்ததும், மருந்து வாடை அடிக்கிற தண்ணீரில் குளிக்கச் சொன்னதும்தான் தாத்தா சொன்னாராம். ஊர்க்காரர் ஒருவர் அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனாராம். எனக்கு இது எதுவுமே தெரியாது. நாற்பத்தெட்டு வயதில் இப்போதுதான் கேட்கிறேன். அம்மா ஒரு மணி நேரம் பேசினார், நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்.

கடைசியில், "அந்தக் கோலி உருளுதா இன்னும்?" என்று கேட்டார்.

தம்பி அந்தப் பதிவை அனுப்பினான். நான்கு நொடிதான். காற்றிரைச்சலுக்கு நடுவே டக், டக் என்று இரண்டு சத்தம். அம்மா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பது எங்களுக்கு இங்கே கேட்டது.