எண்பதைத் தாண்டினால் நடுங்கும் ஸ்டீயரிங்

4.11.2024
திருச்சியில் அப்பத்தாவுக்குக் கண் பரிசோதனை முடித்துக் கானாடுகாத்தானுக்குத் திரும்பினோம். புதுக்கோட்டை தாண்டியதும் காரை 85-க்கு ஏற்றினேன். ஸ்டீயரிங் இரண்டு உள்ளங்கைகளிலும் நடுங்கியது. 100-ஐ நெருங்கினால் தணிகிறது, 70-க்கு இறங்கினால் அடியோடு இல்லை. சாலை காலியாக இருந்த இடத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துப் பார்த்தேன், அதே நடுக்கம். மெல்லப் பிரேக் பிடித்தேன், கூடவில்லை. பிரேக் டிஸ்க் கோணியிருந்தால் பிரேக் பிடிக்கும்போது உதறும். இன்ஜினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட் தேய்ந்திருந்தால் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது கூடும். பின் இருக்கையில் அப்பத்தா அயர்ந்து தூங்கினார். ஆட்டம் கையோடு நிற்கிறதென்றால் முன் சக்கரங்களில்தான் தேட வேண்டும். திருமயத்திலிருந்து வீடு வரை 60-ஐத் தாண்டவில்லை.

5.11.2024
காரைக்குடியில் ஒரு பட்டறை. ஓட்டிப் பார்க்காமலேயே ஸ்டீயரிங் ரேக்கை, அதாவது ஸ்டீயரிங்கின் திருப்பலைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பல்தண்டை, மாற்ற வேண்டும் என்றார்கள். எந்த வேகத்தில் ஆடுகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது அதனால்தான். நோயாளியின் நாடியைக்கூடப் பிடிக்காமல் கத்தியை எடுப்பதா? வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

6.11.2024
டயர் கடையில் பேலன்சிங், அதாவது சுற்றும் சக்கரத்தின் எடையைச் சமன் செய்வது. இடது முன் சக்கரத்தைக் கழற்றிய அண்ணன் அதன் உள்பக்கத்தைக் காட்டினார். ரிம்மின் குழிவில் செம்மண் அப்பிக் காய்ந்து செங்கல்லாக இறுகியிருந்தது. மழையில் கண்மாய்க் கரைப் பாதையில் போய்வந்ததன் மிச்சம். நெம்பியதும் ரிம்மின் வளைவு அப்படியே பதிந்த வில்லையாகப் பெயர்ந்து விழுந்தது. சுரண்டுமுன் பேலன்சிங் இயந்திரம் எடை வித்தியாசம் 60 கிராம் என்று காட்டியது, சுரண்டிய பிறகு 15. வீட்டில் கணக்குப் போட்டேன்: 90 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய 14 முறை சுற்றும். அந்த 45 கிராம் மண், சுற்றுக்குச் சுற்று சுமார் 6 கிலோ எடையளவு விசையோடு சக்கரத்தை வெளியே இழுத்திருக்கிறது! வேகம் இரு மடங்கானால் இந்த விசை நான்கு மடங்கு.

மிச்சம் இருந்த 15-க்கும் ஈயம் அடித்தாயிற்று. திரும்பும்போது நடுக்கம் பாதியாகக் குறைந்திருந்தது. பாதி போதாது.

9.11.2024
முன் சக்கரங்களைப் பின்னுக்கும் பின்னவற்றை முன்னுக்கும் மாற்றினேன். அப்பத்தாவோடு பிள்ளையார்பட்டிக்குப் புறப்பட்டேன். 90-இல் ஸ்டீயரிங் அசையவே இல்லை. "சீட்டு அதிர்கிறதே ராசா" என்றார் பின்னாலிருந்து. நடுக்கம் சக்கரத்தோடு பின்னால் போய்விட்டது! ஸ்டீயரிங், சக்கரம் மாட்டும் ஹப், பேரிங் எதுவும் காரணமில்லை.

10.11.2024
இடது பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, தரையில் ஒரு செங்கல்லை நிறுத்தி, அதன்மேல் ஒரு சாக்பீஸை டயரைத் தொடாமல் வைத்துச் சுற்றினேன். முக்கால் சுற்று வரை இடைவெளி சீராக இருந்தது. பிறகு டயர் சாக்பீஸை உரசி வெள்ளைக் கோடு வாங்கிக்கொண்டது. அந்த இடத்தைத் தடவினால், ரப்பருக்கு அடியில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு மேடு. உள்ளே இரும்புக் கம்பி அடுக்கு பிரிந்திருக்கிறது. பேலன்சிங் இயந்திரம் எடையைச் சரிசெய்யும், வட்டத்தைச் சரிசெய்யாது.

டயரின் பக்கச் சுவரில் 3117. 2017-ஆம் ஆண்டின் 31-ஆவது வாரத்தில் செய்தது, ஏழு வயதாகிவிட்டது. பட்டன்களின் (தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகளின்) ஆழம் நன்றாக இருக்கிறதே என்று வயதைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். இப்படிப் பிரிந்த டயர் நெடுஞ்சாலையில் எந்த நேரமும் கிழிந்து போகலாம். அதன் மேலேயே அப்பத்தாவை நேற்று உட்கார வைத்திருந்தேன். இரவு தூக்கம் வரவில்லை.

11.11.2024
ஸ்டெப்னியை மாட்டி மெதுவாகக் கடைக்குப் போனேன். அதே ஆண்டில் செய்த ஜோடி டயரையும் சேர்த்து இரண்டையும் மாற்றினேன். புதியவை பின்னால், மழைச் சாலையில் பின்பக்கம் வழுக்கினால் மீட்பது கடினம். நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக முடுக்கச் சொன்னேன். திருமயம் வரை 95-இல் போய் வந்தேன். கையிலும் இல்லை, இருக்கையிலும் இல்லை.

கடையில் ஒருவர் பழைய டயரைக் கேட்டார், பட்டன் இருக்கிறதே, சுமை வண்டிக்குப் போடலாம் என்று. மேட்டைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். பிறகு கத்தியை வாங்கி, பக்கச் சுவரை இரண்டு இடங்களில் அறுத்துவிட்டு வந்தேன்.