குழுக் கணக்குக்கு முத்திரை போட்டோம்

தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-இல் முதலில் தொடங்கியது எங்கள் தர்மபுரி மாவட்டத்தில்தான். அம்மாவின் குழுவும் பழையது. அது ஒயிட்னரால் உடையப் பார்த்தது.

குழுவின் பணத்திலிருந்தே 20,000 ரூபாய் உள்கடன் வாங்கிய ஒரு அக்கா முதல் தவணையாக அசல் 2,000, நூற்றுக்கு ஒரு வட்டியாக 200, ஆக 2,200 கட்டியிருந்தார். பாஸ்புக்கிலும் ரொக்கப் புத்தகத்திலும் அப்படியே இருந்தது. கடன் பேரேட்டில் மட்டும் ஒயிட்னர் பூசி மேலே 1,200 என்று எழுதியிருந்தது. எழுதியது யார், எப்போது, யாருக்கும் தெரியவில்லை. ஊக்குநர் அக்கா கூட்டத்திலேயே அழுதுவிட்டார்.

நான் மென்பொருள் வேலையில் இருப்பவள். பிட்காயினுக்கு அடியில் இருக்கும் பிளாக்செயின், ஒவ்வொரு பதிவையும் முந்தைய பதிவோடு சங்கிலியாகக் கோக்கும் முறை. அதில் நாணயம், மைனிங் எல்லாம் இருக்கட்டும், எங்களுக்கு அந்தச் சங்கிலி மட்டும் போதும் என்று தோன்றியது. ஹாஷ் என்பது ஒரு பதிவின் கைரேகை மாதிரி, எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு குறியீடு. ஒரு கூட்டத்தின் வரவு செலவையும் முந்தைய கூட்டத்தின் ஹாஷையும் சேர்த்து எஸ்.எச்.ஏ-256 என்ற கணக்கீட்டு முறையில் போட்டால் 64 எழுத்தில் புது ஹாஷ் வரும். பழைய பதிவில் ஒரு ரூபாயை மாற்றினாலும், அந்த மாதத்திலிருந்து இன்றுவரை எல்லா ஹாஷும் மாறிவிடும். குழுவில் அதற்கு ‘முத்திரை’ என்று பேர் வைத்தார்கள்.

கஷ்டம் கம்ப்யூட்டரில் இல்லை, ஆரம்ப இருப்பில்தான். கையிருப்பு, வங்கி இருப்பு, நிலுவைக் கடன் மூன்றையும் ஒத்துப்பார்க்க மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. கடைசிவரை 600 ரூபாய் இடித்தது. அதை மறைக்காமல் தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, அங்கிருந்தே தொடங்கினோம்.

இரண்டாவது மாதம் 1,500-ஐ நானே 15,000 என்று அடித்துவிட்டேன். முத்திரை போட்டாயிற்று, அழிக்க முடியாது. தவறான தொகையை அப்படியே கழிக்கும் எதிர்ப்பதிவு போட்டு, சரியான தொகையை மறுபடி எழுதினேன். நல்ல கணக்கர்கள் காலங்காலமாகச் செய்வதும் இதுதானே.

முத்திரையின் கடைசி ஆறு எழுத்தைக் கூட்டத்தில் உரக்கப் படிப்போம், ஒவ்வொருவரும் பாஸ்புக்கில் குறித்துக்கொள்வார்கள். ஆனால் ஆறு எழுத்தை மட்டும் நம்பக் கூடாது. விவரம் தெரிந்தவர் நினைத்தால் அந்த ஆறும் ஒத்துவரும்படி போலிக் கணக்கு செய்துவிடலாம். அதனால் 64 எழுத்தையும் அச்சடித்துத் தீர்மான நோட்டில் ஒட்டுகிறோம், வாட்ஸ்அப் வைத்திருப்பவர்களுக்கும் அனுப்புகிறோம். முதல் தடவையே பொய்யாக எழுதினால் இந்தச் சங்கிலி அதைப் பிடிக்காது. பணத்தை எல்லோர் முன்னாலும் எண்ணி எழுதுவது அதனால்தான்.

எங்கள் தெருவில் பலர் சிறுகடன் கொடுக்கும் நிறுவனங்களிடம் மைக்ரோஃபைனான்ஸ் கடனும் வாங்கியிருக்கிறார்கள். கடன் விவரமும் கட்டிய தவணையும் குறிக்கும் கடன் அட்டை தர வேண்டும், குடும்பத்தின் மொத்தத் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று 2022-இல் ரிசர்வ் வங்கி விதி கொண்டுவந்தது. நல்ல விதி. ஆனால் கட்டிய பணம் நிறுவனத்தின் பேரேட்டில் எப்படி ஏறியது என்பது அட்டையில் தெரியாது. இப்படி ஒரு முத்திரை அங்கேயும் வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

போன கூட்டத்தில் தவணை கட்ட வந்த ஒரு பாட்டி, “இரு கண்ணு, எனக்கு ‘பி’னு இருக்கு, இவளுக்கு ‘டி’னு இருக்கு” என்று நிறுத்தினார். நோட்டில் ஒட்டியிருந்ததைப் பார்த்தோம். ‘டி’தான். போன மாதம் காதில் தவறாக விழுந்திருக்கிறது. தன் பாஸ்புக்கில் அதைத் திருத்தி, பக்கத்தில் என்னையும் கையெழுத்துப் போடவைத்த பிறகுதான் முந்தானை முடிச்சிலிருந்து பணத்தை எடுத்தார்.